இடது றெக்கை

"வாத்துங்கிறேன், வாத்து!" என்றார் மாமா, கதவைத் திறந்துகொண்டு வந்த வேகத்தில்.

நானும் அத்தையும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அத்தை ஜன்னலை எட்டிப் பார்த்தாள். "எங்கங்க?"

"ஜன்னல்ல இல்ல. ப்ளேன் மேல. மூக்குலேருந்து வால் வரைக்கும் மஞ்சள் பெயின்ட். ஆரஞ்சுல அலகு. ரெண்டு பக்கமும் கண்ணு வேற."

"நல்லாத்தானே இருக்கும்?"

"நல்லா இருக்குமா? சண்டைக்குப் போற ப்ளேன்டி அது! எதிரி கண்ணுல படக் கூடாதுன்னு மேல பச்சை, கீழ நீலம்னு அந்தக் காலத்துல மூளையைக் கசக்கி அடிச்ச பெயின்ட்டு. இவ என்னடான்னா நேத்து ராத்திரி ஆன்லைன் கேம்ல, வாத்துல ஏறி வந்து 'வணக்கம் தலைவரே'ங்கிறா."

"இவளா? பொம்பளையா?"

"பார்சல் வேன் ஓட்டுறாளாம். வேலைக்கு நடுவுல அரை மணி நேரம் கிடைச்சா வீட்டுக்கு வந்து சுட்டுட்டுப் போறாளாம்."

"எத்தனை பேரைச் சுட்டாங்க மாமா?" என்று கேட்டேன்.

"அதுவா முக்கியம்?"

"சும்மா சொல்லுங்களேன்."

"நாலு."

"நீங்க?"

"நான் முறைப்படி உயரத்துல காத்துக்கிட்டிருந்தேன்."

"யாரையும் சுடலைன்னு சொல்லுங்க," என்றாள் அத்தை. "அந்த நாலுல நீங்களும் உண்டா?"

மாமா செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, சுவரோரமாக வைத்தார். உள்ளே போகும்போதுதான் பதில் வந்தது. "ரெண்டு தடவை."

அத்தைக்குப் புரையேறிவிட்டது. அவள் தலையைத் தட்டிக்கொண்டே சிரித்த சிரிப்பு மாமாவின் அறைவரை கேட்டிருக்கும். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமா என் அம்மாவின் தம்பி. அவர் வீட்டில் நான் இரண்டு வருடம் இருந்தேன். இயந்திரங்களோடு வரும் கையேடுகளை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுவது என் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். அவர்கள் வீட்டில் பெரிய அறை ஒன்றை நடுவில் பலகை வைத்துத் தடுத்திருந்தார்கள். ஒரு பாதியில் என் கட்டிலும் மேசையும். மறுபாதியில் மாமாவின் கம்ப்யூட்டரும் புத்தகங்களும். பலகை உடம்பை மறைக்குமே தவிர ஓசையை மறைக்காது. அவர் தொண்டையைச் செருமினால் எனக்குச் செருமத் தோன்றும்.

அவருக்குத் தொழில் பல் செய்வது. பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். ஒரு மாடிக் கட்டடத்தின் பின்பக்க அறையில் அவரும் இன்னும் மூன்று பேரும் மெழுகில் வடித்து, பீங்கான் மாவைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, சூளையில் சுட்டு எடுப்பார்கள். இடது கையில் இடுக்கியால் பல்லைப் பிடித்து வலது கையால் பூச வேண்டும். இரண்டு கையும் ஒன்றுபோல அசையாமல் நிற்க வேண்டிய வேலை. மாமாவிடம் யாராவது "பல்லு வெள்ளையா இருக்கணும்" என்று சொல்லிவிட்டால் போதும். "எந்த வெள்ளை?" என்று பிடித்துக்கொள்வார். ஈறுப் பக்கம் கொஞ்சம் மஞ்சள், நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு நீலம், நடுவில் வேறு என்று பதினாறு விதம் சொல்வார். நான் சிரித்தால் என் முகத்தைப் பார்க்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார்.

விமானங்களிலும் அப்படித்தான். இணையத்தில் பழைய போர் விமானங்களை ஓட்டும் விளையாட்டு அது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரில் நிற்கும் மைக்கில் பேசிக்கொண்டே கூட்டமாகப் பறப்பார்கள். மாமா தொடங்கிய குழுவில் முப்பது பேர்போல இருந்தார்கள். பாதிப் பேர் வரலாற்றுக்காரர்கள். எந்த விமானத்தில் எத்தனை தோட்டா, எந்த மாதத்தில் வாலின் நிறம் மாறியது என்றெல்லாம் தெரிந்தவர்கள். மாமாவும், ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரும் அவர்களுக்குத் தலை. அவரை எல்லோரும் சர்வேயர் என்றே கூப்பிட்டார்கள். பறக்கும்போது ஒரு நோட்டில் நிமிடக் கணக்கில் குறிப்பு எழுதுவார். மீதிப் பாதி, மாமாவின் வார்த்தையில், 'சும்மா கட்சி'. வேலை முடிந்து வந்து, நாலு பேரைச் சுட்டு, சிரித்துவிட்டுப் படுக்கப் போகிறவர்கள். வேன்காரியும் சில வாரத்தில் அதில் சேர்ந்துகொண்டாள். எல்லோரும் அவளை வாத்து என்றார்கள். அவளும் தன்னை அப்படியே சொல்லிக்கொண்டாள். வரலாற்றுக்காரர்களுக்கு அவள் வைத்த பெயர் 'மியூசியம்'.

மாமா சில விதிகள் போட்டிருந்தார். அவற்றில் முக்கியமானது 'நான்' விதி. விமானத்துக்கு அடிபட்டால் "என் ப்ளேன்ல அடி" என்று சொல்லக் கூடாது. "எனக்கு அடிபட்டுருச்சு" என்று சொல்ல வேண்டும். "எனக்கு எண்ணெய் ஒழுகுது." "எனக்கு வால் போச்சு." விமானமும் ஆளும் வேறல்ல என்பது மாமாவின் கட்சி. இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று சர்வேயரே ஒருமுறை கேட்டார். மாமா பேச்சை மாற்றிவிட்டார். எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவருக்குப் புரியாத வேற்றுமொழிப் பக்கங்களைப் படித்துச் சொல்வது நான்தான், எனக்குத் தெரியும்.

இன்னொரு விதி, குழுவாகப் பறக்கும்போது சுடப்பட்டவர் திரும்ப வரக் கூடாது. ஆட்டம் முடியும்வரை பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"செத்துட்டு ஒண்ணரை மணி நேரம் சும்மா உக்காரணும்னா, நான் அந்த நேரத்துல துணியாவது துவைப்பேனே தலைவரே?" என்று வாத்து கேட்டாளாம். மாமா அதை எங்களிடம் சொன்னபோது அவருக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. "செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேணாமா? நெஜமா செத்திருக்காங்க. இருபது வயசு, இருபத்தொரு வயசு. இவ துணி துவைக்கணுமாம்."

அதைக் கேட்டு அத்தைகூடச் சிரிக்கவில்லை.

கடைசியில் சர்வேயர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சும்மா கட்சி மொத்தமும் வெளியேற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஓட்டெடுப்பு. அன்று மதியம் வரலாற்றுக்காரர்கள் ஒரு பழைய தாக்குதலைப் பறந்து காட்டுவதாக இருந்தது. ஒரு பாலம், பன்னிரண்டு விமானங்கள். ஒவ்வொருவரும் எங்கே இருந்தார், எந்த நிமிடத்தில் திரும்பினார் என்று மூன்று மாதமாகத் தேடிப் பட்டியல் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஒருவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை என்று ஆகிவிட்டது. பதினொரு பேரை வைத்துக்கொண்டு பன்னிரண்டு விமானம் பறக்க முடியாது. அந்த நேரத்துக்கு யாரும் இல்லை, வாத்து மட்டும்தான் இருந்தாள்.

மாமா மூன்று நிபந்தனை போட்டார். சரியான நிறம் அடிக்க வேண்டும். அவருக்கு இடப்பக்கத்தை விட்டு விலகக் கூடாது. வாயைத் திறக்கவே கூடாது.

"வாத்தைக் கழுவிட்டேன் தலைவரே," என்று பதில் அனுப்பியிருந்தாள். "பாவம், அழுதுச்சு."

ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு வேலை. பெரிய பல்பொருள் கடையில் பில் போடுவாள். மாமா சாப்பிட்டதும் முகம் கழுவி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அறைக்குள் போனார். நான் பலகைக்கு இந்தப் பக்கம் துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் ஹெட்போன் மாட்டியிருந்ததால் மற்றவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. மாமாவின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் என் பின்னால." "உயரம் சரியா இருக்கு." "கடல் தெரியுது."

பிறகு சில நிமிடம் ஒன்றுமில்லை.

"எனக்கு வேகம் குறையுது."

குரல் நிதானமாக இருந்தது. எப்போதும் இல்லாத ஒரு கனம் அதில் இருந்தது. இன்றைக்கு நன்றாக நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"எனக்குப் பார்வை மங்குது."

விமானத்தைச் சட்டென்று திருப்பினால் திரை இருட்டிக்கொண்டு வரும். அவர் காட்டியிருக்கிறார், நான் பார்த்திருக்கிறேன். 'கதவு சரியாக மூடியுள்ளதா என்று பார்க்கவும்' என்று தட்டச்சு செய்தேன்.

"எனக்கு இடது றெக்கை வரல."

அது தெளிவாகக் கேட்டது. றெக்கை. அடுத்த வரிக்குப் போனேன். அதற்கு அடுத்த வரிக்கும் போனேன்.

அப்போது பலகைக்கு அந்தப் பக்கம் ஏதோ இழுபட்டு விழுந்தது. அதே நொடியில் வீடு முழுக்க ஒரு பெண் குரல் வெடித்தது.

"வீட்ல யாராச்சும் இருக்கீங்களா? யாராச்சும் இருந்தா போய் அவரைப் பாருங்க!"

இன்னொரு குரல், வயதான ஆண் குரல், அதட்டியது. "வாத்து, பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. தலைவரே, அற்புதம். அப்படியே நேர்ல பாக்கிற மாதிரி இருக்கு."

"யோவ் சர்வேயர், அது றெக்கை இல்லய்யா! கை! கைன்னு சொல்றாரு! இடது கை வரலைங்கிறாரு!"

நான் எப்படி எழுந்தேன், எப்படி அந்த அறைக்குள் போனேன் என்று நினைவில்லை. ஹெட்போன் கம்பி பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. குரல்கள் எல்லாம் ஸ்பீக்கரிலிருந்து வந்தன. மாமா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். இடது கை நாற்காலிக்கு வெளியே, வேறு யாருடையதோ போலத் தொங்கியது. வாயின் இடது ஓரம் கீழே இறங்கியிருந்தது. திரையில் அவருடைய விமானம் ஆடாமல் அசையாமல் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"மாமா!"

"ஒண்ணும் இல்ல," என்றார். அது 'ஒண்ணு இழ' என்பது போல வந்தது.

"யாரும்மா அது?" என்றது வாத்தின் குரல். "பொண்ணா? அவரைச் சிரிக்கச் சொல்லு."

"சிரிங்க மாமா." அவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. நான் அலறினேன் என்று பிறகு அவள்தான் சொன்னாள். எனக்கு என் குரல் கேட்கவில்லை.

"எங்கப்பாவுக்கு இப்படித்தான் வந்துச்சு. அழாதே. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. குடிக்கத் தண்ணி கொடுத்துடாதே. சாய்ஞ்சு விழாமப் பிடிச்சுக்க. நான் லைன்லயே இருக்கேன், போகல."

மற்ற பத்துப் பேரும் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

மருத்துவமனையில் ஒரு இளம் மருத்துவர் என்னை நிறுத்தி ஒரே கேள்வி கேட்டார். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? சரியான நேரம் வேணும். அதை வச்சுத்தான் ரத்தக் கட்டைக் கரைக்கிற ஊசி போடலாமா கூடாதான்னு முடிவு பண்ணணும்."

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் நான். கேட்டுக்கொண்டும் இருந்தவள். தெரியவில்லை.

கையில் இருந்த மாமாவின் போன் அடித்தது. சர்வேயர். அழுதுகொண்டிருந்தார். மருத்துவர் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"நோட்டுல இருக்கு சார், எல்லாம் எழுதியிருக்கேன். மூணு மணி ஏழு நிமிஷம், உயரம் சரி, பேச்சு தெளிவு. மூணு பதினொண்ணு, தலைவருக்கு வேகக் குறைவு. மூணு பன்னிரண்டு, பார்வை மங்கல். மூணு பதினாலு, இடது றெக்கை சேதம்..."

"எது சேதம்?"

"கை சார். கை." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னை ஒரு விநாடி பார்த்தார். எதுவும் கேட்காமல் உள்ளே ஓடினார்.

அத்தை கடைச் சீருடையோடு வந்து சேர்ந்தாள். நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் கேட்டாள்: "நீ பக்கத்து ரூம்லதானே இருந்தே?"

"இருந்தேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

மாமா பிழைத்தார். ஊசி சரியான நேரத்தில் போடப்பட்டது என்றார்கள். கால் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. பேச்சு வந்தது, ஆனால் களைத்துப்போனால் குழறும். இடது கை பாதிதான் திரும்பியது. தட்டைப் பிடிக்கும், சட்டைப் பொத்தானைப் போடாது. இடுக்கியில் ஒரு பல்லைப் பிடித்து அசையாமல் நிறுத்துவது இனி நடக்காது. பட்டறை முதலாளி நல்ல மனுஷர். "கண்ணு இருக்குல்ல? நிறம் மட்டும் பாத்துச் சொல்லுங்க, பூசுறதை இவங்க பூசட்டும்," என்றார். மாமா இப்போது நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, மற்றவர்கள் செய்த பற்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இது பல்லா, சுண்ணாம்பா?" என்று திட்டுகிறார். அவர்களும் திட்டை வாங்கிக்கொண்டு மறுபடி பூசுகிறார்கள்.

ஓட்டெடுப்பு நடக்கவில்லை. சர்வேயர் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அத்தோடு குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதினார். 'தலைவர் அந்த நிலைமையிலும் வாத்தின் பேச்சை மதித்து, அவள் சொன்னவுடன் ஹெட்போன் கம்பியைப் பிடுங்கினார். அவரே நம்பியவளை நாம் எப்படி வெளியே அனுப்புவது?' என்று முடித்திருந்தார். அதை மாமாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் வாத்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் பார்சல் வேன் நின்றது. குரலைக் கேட்டுப் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். வந்தவள் என் தோளுயரம்கூட இல்லை. நாற்பது வயதிருக்கும். வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"வாத்து, எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று அத்தை கேட்டாள். "படிச்சவங்க பத்துப் பேருக்குப் புரியலையே."

"எனக்கு ப்ளேனைப் பத்தி ஒரு எழவும் தெரியாதுக்கா. அதான். அவங்களுக்கு எல்லாம் றெக்கையாக் கேக்குது, எனக்குக் கையாக் கேட்டுச்சு. அதுவுமில்லாம, நான் 'தலைவரே என்னாச்சு'ன்னு வாயைத் திறந்துட்டேன். திட்டு வரல. நான் வாயைத் திறந்து தலைவர் திட்டாம இருந்த நாள் ஒண்ணு உண்டா? அப்பவே கத்த ஆரம்பிச்சுட்டேன்." அவள் மாமாவின் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு தலைவரே. 'ஹெட்போனைக் கழட்டுங்க'ன்னு கத்தினேன் பாருங்க, உடனே கழட்டினீங்களே, அதுதான். எங்கப்பா யார் பேச்சையும் கேக்கல. 'போடி, உன் வேலையப் பாரு'ன்னுட்டுப் படுத்தவர்தான்."

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாக்கு குழறியது. அவள் அவர் தோளைத் தட்டி, "மெதுவா தலைவரே, மெதுவா. மியூசியம் எங்க ஓடிடப் போகுது?" என்று சிரித்தாள். அடுத்த சனிக்கிழமையும் வருவதாகச் சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனாள்.

அத்தை சமையலறைக்குப் போனதும் மாமா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நான் கழட்டல," என்றார்.

"என்ன மாமா?"

"ஹெட்போனை. அவ சொன்னதுக்காக நான் கழட்டல." ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். "குழுவுல யார் பேச்சையும் அடைக்கிற பட்டன் எங்கிட்டதான் இருக்கு. மவுஸ்ல அமுக்கணும். அவ கத்திக்கிட்டே இருந்தா. பாலம் வர்ற நேரம். எனக்கு அவ்வளவு கோவம். அவ வாயை அடைக்கத்தான் கையை நீட்டினேன். குறி தவறிருச்சு. கம்பில மாட்டி இழுத்துருச்சு."

அந்த வலது கை அவர் மடியில்தான் இருந்தது. நான்கு விரற்கடை தள்ளி மவுஸில் அது போய் விழுந்திருந்தால், பலகைக்கு இந்தப் பக்கம் நான் அடுத்த வரிக்குத்தான் போயிருப்பேன்.

"உங்களுக்கு... கை வரலைன்னு தெரிஞ்சிருந்துதா?"

"தெரியும். ஆனா என் கைன்னு தோணல. என்ன சொன்னேன்னு இன்னும் நெனச்சு நெனச்சுப் பாக்கிறேன். கைன்னு சொன்னேனா, றெக்கைன்னு சொன்னேனா, எனக்கே தெரியல."

"றெக்கைன்னுதான் எனக்குக் கேட்டுச்சு மாமா," என்றேன். இதை யாரிடமாவது சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. "கேட்டுட்டு நான் வேலையைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் தலையாட்டினார். சமாதானம் சொல்லவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அடுத்த வாரம் அவ வர்றப்ப சொல்லப் போறேன். உங்கப்பா மாதிரிதான் நானும், உன் வாயை அடைக்கத்தான் பாத்தேன்னு சொல்லணும். ஆரம்பிச்சா குழறும். அவ சிரிச்சு வேற பேச்சுக்குப் போயிடுவா. அதனால நீ பக்கத்துலயே உக்காரு. நான் பாதில நின்னா, மீதியை நீ சொல்லிடு. எனக்காகப் பாத்து ஒரு வார்த்தையையும் மாத்திடாதே."